துவைத்துக் கொண்டுபோன சட்டை

எங்கள் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம் தரைக்குக் கீழே இருக்கிறது. மேலே ஆறு மாடியிலும் ஆயிரம் பேர் வாந்தி எடுப்பார்கள், பிள்ளை பெறுவார்கள், உயிரை விடுவார்கள். அந்த அழுக்குத் துணி அத்தனையும் ஒரு தகரக் குழாய் வழியாக மூட்டை மூட்டையாக எங்கள் தலையில் வந்து விழும். முட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றால் பத்து நிமிஷத்தில் வெந்துவிடும், அவ்வளவு சூடு. அதற்குள் பதினொரு வருஷம் நின்றவள் கறை அக்கா.

அவளுக்கு வேறு பேர் உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு எங்கும் அதற்கு வேலை இல்லை. ரத்தம், மை, துரு, அயோடின், எதுவாக இருந்தாலும் துணியை வெளிச்சத்தில் பிடித்து ஒரு பார்வை பார்ப்பாள். 'இது நேத்து ராத்திரி பட்டது, இது போன வாரத்துது' என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பிப்பாள். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் அது துணியிலேயே குடியேறிவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். நான் மூணாங்கிளாஸ் வரைக்கும் போனவள். மீதியெல்லாம் அவளிடம் படித்தது. என் வாய்க்கு அவள் வைத்த பேர் ரேடியோ. ஆஸ்பத்திரி முழுக்க அதுவே நிலைத்துவிட்டது.

படுக்கை விரிப்பு மடிப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஆளுக்கு இரண்டு முனை. உதறி, இழுத்து, நடந்து வந்து கையோடு கை சேர்த்து, மறுபடி பின்னால் போக வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு மடித்தால் எதிரில் நிற்கிறவளின் உடம்பு நமக்கு மனப்பாடம் ஆகிவிடும். சளி பிடித்தாலும் தெரியும், சண்டை போட்டாலும் தெரியும். அக்காவின் இடது பக்கத்து முனை ஒரு சாண் தாழ்ந்து வர ஆரம்பித்தது மழைக்காலத்தில்.

"என்னக்கா, உன் பக்கம் பள்ளமா இருக்கு? நான் என்ன மலை மேலயா நிக்கறேன்?"

"தோள்பட்டை பிடிச்சுக்கிச்சுடி."

"யாரு பிடிச்சது?"

எப்போதும் இப்படி ஒன்று சொன்னால் விரிப்பாலேயே என் மூஞ்சியில் அடிப்பாள். அன்றைக்கு அடிக்கவில்லை. முனையைச் சேர்த்துவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தாள்.

அவள் வீட்டுக்காரன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். அவனைப் போல ஒரு தங்கக்கட்டி உலகத்திலேயே இல்லை என்று சத்தியம் பண்ண எழுபது அம்மாக்கள் வரிசையில் நிற்பார்கள். பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கைப்பிடித்து இறக்குவான். ஷூ நாடா அவிழ்ந்திருந்தால் முட்டி போட்டுக் கட்டிவிடுவான். என்னைப் பார்த்தால்கூட 'வாங்க தங்கச்சி' என்று இரண்டு கையும் கூப்புவான். அந்தக் கை வீட்டுக் கதவைச் சாத்தினதும் என்ன செய்யும் என்பதை எனக்கு விரிப்புதான் சொன்னது. நானோ அதையும் ஒரு ஜோக்காக்கிவிட்டு நானூறு விரிப்பையும் மடித்து முடித்தேன்.

ஒரு புதன்கிழமை காலை அக்கா நெற்றியில் கட்டோடு வந்தாள். வரும்போதே மேலே போய் நாலு தையல் போட்டுக்கொண்டு இறங்கியிருந்தாள். ஒரு கையில் அவள் மகள் பாப்பா, ஏழு வயசு, பள்ளிக்கூடப் பையோடு. இன்னொரு கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

"என்னக்கா இது?"

"படியில விழுந்தேன்."

"உன் வீட்ல ஏது படி?"

பாப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. அக்கா கவரைத் தன் லாக்கரில் வைத்துப் பூட்டினாள். கவருக்குள், அடிபட்டபோது அவள் போட்டிருந்த வெளிர்நீலச் சீருடைச் சட்டை இருந்தது. கழுத்திலிருந்து மார்பு வரைக்கும் ரத்தம். ஊறப்போடாமல் ஒரு துணியை அவள் உள்ளே வைத்துப் பூட்டி நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

அன்றைக்கு அம்மாவும் மகளும் என் அறைக்கு வந்துவிட்டார்கள். நான் ஒண்டிக்கட்டை. என் அறையில் ஒரு கொசு வந்தால் இன்னொரு கொசு வெளியே போக வேண்டும், அவ்வளவு விசாலம். மூன்று பேரும் தீப்பெட்டிக் குச்சி மாதிரி படுத்தோம்.

எட்டாம் நாள் கோர்ட் நோட்டீஸ் சலவைக்கூடத்துக்கே வந்தது. சூப்பர்வைசர் படித்துச் சொன்னார். பஸ்காரன் முந்திக்கொண்டான். மனைவி சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்விட்டாள், பிள்ளையைக் காற்றில்லாத ஒரு அறையில் அந்நியரோடு படுக்கவைக்கிறாள், ஆகையால் மகளைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று மனு. அந்நியர் என்பது நான்தான். விசாரணைக்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

"அவருக்கு வக்கீல் இருக்காரு. எனக்கு யாருடி இருக்கா?" என்றாள் அக்கா.

"நான் இருக்கேன்ல."

"நீ எனக்காகப் பேசினா பாப்பாவோட சேர்த்து என்னையும் தூக்கி உள்ள வெச்சிடுவாங்க."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்:

"நானே பாப்பாவைக் கொண்டுபோய் விட்டுட்டா, அப்பப்ப பாக்கவாவது விடுவாருல்ல?"

நான் அடுத்த விரிப்பின் முனையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

எங்கள் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கோட்டும் மெஷினுக்குள் போகும் முன் பையைத் துழாவ வேண்டும். பேனா, மிட்டாய், காதல் கடிதம், ஒருதடவை கட்டுப்பல் செட்டு, எது கிடைத்தாலும் வாசலில் இருக்கும் தட்டில் வைத்துவிடுவோம். உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். தட்டில் இருப்பதைத் தொடுகிறவளுக்குக் கை வெந்துபோகும் என்று புதுசாக வருகிறவர்களைப் பயமுறுத்துவோம். அடுத்த வாரம் திங்கட்கிழமை ஒரு நர்ஸம்மாவின் கோட்டிலிருந்து நாலாக மடித்த ஒரு தாள் வந்தது. தட்டில் வைத்தேன். செவ்வாய்க்கிழமை அதே கோட்டில் அதே தாள். தட்டில் வைத்தேன். புதன்கிழமை மறுபடியும் வந்தபோது, இந்த அம்மாவுக்கு மறதி யானை சைஸில் இருக்கிறது என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன்.

அக்கா கோட்டின் காலரைத் திருப்பி எண்ணைப் பார்த்தாள்.

"இவங்கதான்டி எனக்குத் தையல் போட்டாங்க."

அப்போதுதான் எங்கள் மரமண்டைக்கு உறைத்தது, அது மறதி இல்லை என்று. தாளைப் பிரித்து, எழுத்தெழுத்தாக நான் படித்தேன். 'வழக்குக்கு வழி தெரியவில்லையா? வக்கீல் வைக்க வசதி இல்லையா? இலவச சட்ட உதவி. கோர்ட் கட்டடத்தின் பின்புறம், அறை எண் நான்கு. விசாரணை நாள் வரைக்கும் காத்திருக்காதீர்கள், முன்னதாகவே வாருங்கள்.' கடைசி வரிக்குக் கீழே பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தது.

நாலாம் நம்பர் அறை, கக்கூஸுக்கும் பழைய வழக்குக் கட்டு வைக்கிற அறைக்கும் நடுவில் இருந்தது. உட்கார்ந்தால் ஒரு பக்கம் எழும்புகிற பெஞ்சி. அதில் ஏற்கெனவே ஐந்து பெண்கள், ஒரு கிழவர். மேஜைக்குப் பின்னால் கண்ணாடியைக் கயிறு போட்டுக் கழுத்தில் மாட்டிய ஒரு அம்மா. முன்னாலும் ஃபாரம், பின்னாலும் ஃபாரம். அந்த அம்மா தும்மினால் நூறு ஃபாரம் பறக்கும். நான் மனசுக்குள் வைத்த பேர் ஃபாரம் அம்மா.

அக்கா வாசலிலேயே என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாம்டி. சும்மா செய்யறவங்க என்னத்த செய்வாங்க? போலாம் வா."

அது ஃபாரம் அம்மா காதில் விழுந்துவிட்டது. அக்காவின் சட்டையில் இருந்த ஆஸ்பத்திரி சலவைக்கூட முத்திரையைப் பார்த்தார்.

"நீ வேலை பாக்கற ஆஸ்பத்திரியில சும்மா படுக்கிறவங்களுக்கு விரிப்பை அழுக்கா போடுவியா?"

"ஐயோ, அது எப்படிம்மா!"

"அப்ப வந்து உக்காரு."

அவ்வளவுதான். ஃபாரம் அம்மா முதலில் கேட்டது அடியைப் பற்றி இல்லை. பாப்பா எந்தப் பள்ளிக்கூடம், காலையில் யார் கிளப்புகிறார்கள், காய்ச்சல் வந்தால் யார் பக்கத்தில் இருப்பார்கள். ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். நோட்டீஸை வாங்கி அவரே ஒரு நகல் எடுத்தார். அதற்குப் பிறகு பேனாவைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"எப்பெல்லாம் அடிச்சாரு? தேதி சொல்லு."

அக்காவுக்குத் தேதி தெரியவில்லை. யாருக்குத்தான் தெரியும்? அடி வாங்குகிறவள் காலண்டரையா பார்த்துக்கொண்டிருப்பாள்? ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"முதல் தடவை... குழந்தைங்க வார்டு திரைச்சீலை துவைச்ச வாரம். தோள்ல அடிச்சது, ஆபரேஷன் தியேட்டர் பச்சைத் துணியெல்லாம் மாத்தினாங்களே, அதுக்கு மறுநாள்."

ஃபாரம் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"திரைச்சீலை என்னைக்குத் துவைக்கறீங்கன்னு எங்கயாவது எழுதி வெச்சிருக்கா?"

"சுவத்துல அட்டவணை இருக்குங்க. வருஷம் முழுக்க இருக்கு."

மறுநாள் அந்த அட்டவணையை அப்படியே எழுதிக்கொண்டு போனோம். எழுதியது நான் என்பதால் அது கோழி கிளறியது மாதிரி இருந்தது. ஆனாலும் ஃபாரம் அம்மா அதை வைத்துக்கொண்டு ஏழு தேதி கண்டுபிடித்தார். ஏழும் ஒரு தாளில் வரிசையாக ஏறினதும் அக்கா அதை எட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவா?" என்றாள், யாருக்கோ நடந்ததைப் போல.

"நெத்தியில அடிபட்ட அன்னைக்குப் போட்டிருந்த சட்டை இருக்கா?" என்று ஃபாரம் அம்மா கேட்டார்.

"இருக்கும்மா."

"வியாழக்கிழமை வக்கீலம்மா வருவாங்க. மறக்காம எடுத்துட்டு வா."

இனி சொல்லப்போகிற முட்டாள்தனத்தை உலகத்தில் எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அக்கா லாக்கரைத் திறந்து கவரை எடுத்தாள். சட்டையைப் பிரித்துப் பார்த்தோம். ரத்தம் காய்ந்து செம்மண் மாதிரி மொறுமொறுவென்று நின்றது.

"இதை எப்படிடி வக்கீலம்மா கையில குடுக்கறது?" என்றாள் அக்கா.

"சீ, கேவலம். அதுவும் கறை அக்கா கையால."

அந்த வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சொன்னேன். ஸ்டோரிலிருந்து கறை எடுக்கிற, நுரை பொங்கும் மருந்துப் பாட்டிலை எடுத்து வந்ததும் நான்தான். வெளியே எடுத்துப் போகவும் கூடாது, சொந்தத் துணிக்கும் தொடக்கூடாது என்று அந்தப் பாட்டில் மேலேயே எழுதியிருக்கும். அக்கா பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தாள், மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள், விரல் நுனியால் தேய்த்தாள். மூன்று வாரம் ஊறிப்போன ரத்தம். அது கொஞ்சம் கொஞ்சமாக ரோஜா நிறமாகி, பிறகு ஒன்றுமில்லாமல் போனது. சட்டைக்கு இஸ்திரி போட்டோம். அறுந்திருந்த மேல் பொத்தானை நான் தைத்தேன்.

வியாழக்கிழமை வக்கீலம்மா வந்தார். சின்ன உருவம், பெரிய பை. பேச்சு வேகமாக வரும், கேட்கும்போது மட்டும் அசையவே மாட்டார். அக்கா கவரைப் பணிவாக இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் பிரித்தார், திருப்பினார், உள்பக்கமும் பார்த்தார்.

"இது வேற சட்டைம்மா. அன்னைக்குப் போட்டிருந்தது எங்க?"

"இதுதாங்க."

"கறை?"

ஒரு மாசமாக நான் பார்க்காத ஒரு பெருமை அக்காவின் முகத்தில் வந்தது.

"எடுத்துட்டேங்க. இருபத்தோரு நாள் காஞ்ச ரத்தம். வேற யாராலயும் முடியாது."

ஃபாரம் அம்மா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். வக்கீலம்மா சட்டையை மெதுவாக, அது தூங்குகிற பிள்ளை என்பது போல, மறுபடியும் கவருக்குள் வைத்தார். அந்த நிதானத்தைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. அக்காவுக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவள் தன் கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"தையல் போட்ட சீட்டு?" என்று வக்கீலம்மா கேட்டார்.

"அதுல படியில விழுந்தேன்னு இருக்குங்க. நான்தான் சொன்னேன்."

"எந்தப் படி?"

"வீட்ல படியே இல்லீங்க. தரையோட தரை."

"சரி, வீட்டை வெளியிலயும் உள்ளயும் போட்டோ எடுக்கச் சொல்றேன். துவைக்கறதுக்கு முன்னாடி அந்தச் சட்டையை வேற யாராவது பாத்தாங்களா?"

நான் கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"எவ்வளவு ரத்தம் இருந்துச்சு?"

"ரெண்டு வாளிங்க!"

"ரெண்டு வாளி ரத்தம் போனா இவங்க இங்க உக்காந்திருக்க மாட்டாங்க. எவ்வளவு?"

"ஒரு... அரை வாளி."

"வாளியை விடுங்க. உங்க கையைச் சட்டை மேல வெச்சுக் காட்டுங்க."

காட்டினேன். கழுத்துப் பட்டையிலிருந்து இரண்டு கை அகலம், இடது பக்கம் மூன்று. அன்றைக்கு ஒரு மணி நேரம் என் வாயை அந்த அம்மா துவைத்தார். ஊரே பார்த்தது என்பேன், ஊரில் யார் என்பார். மாசக்கணக்கில் தோள் தூக்க முடியவில்லை என்பேன், எத்தனை நாள் என்பார். பதினொரு நாள். விரிப்பு முனை எவ்வளவு தாழ்ந்தது? ஒரு சாண். சாணை வைத்துக் காட்டச் சொன்னார், அளந்து எழுதினார்.

முடித்துவிட்டுச் சொன்னார்:

"எங்க துவைச்சீங்க, எதை வெச்சுத் துவைச்சீங்கன்னு அவங்க வக்கீல் கண்டிப்பா கேப்பாரு. பொய் சொல்ல நான் சொல்லித்தர மாட்டேன். உங்க வேலைக்கு ஆபத்து வரலாம். யோசிச்சு வாங்க."

திரும்பி வரும் வழியில் அக்கா நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"நீ வராத. உனக்கு அந்தப் பாழாப்போன வேலையை விட்டா என்னடி இருக்கு?"

"உன்னைவிட்டா எனக்கு விரிப்போட அந்தப் பக்கம் யாரு பிடிப்பா? நட."

தைரியசாலி மாதிரி சொல்லிவிட்டேன். மூன்று நாள் ராத்திரியும் சம்பளக் காசை எண்ணி எண்ணி வைத்தேன். அதில் மிகை எதுவும் இல்லை.

விசாரணைக்கு முந்தின நாள் ஃபாரம் அம்மா எங்களைக் காலியாக இருந்த கோர்ட் அறைக்குள் அழைத்துப் போனார். ஜட்ஜ் இங்கே, நீ இங்கே, நான் உன் பக்கத்தில், பேச மாட்டேன், ஆனால் எழுந்து போகவும் மாட்டேன் என்று அக்காவுக்குக் காட்டினார். காத்திருக்கத் தனி அறை, பின்பக்க வாசல், வீட்டுக்காரரை வராந்தாவில் பார்க்க வேண்டாம். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவரு எங்க உக்காருவாரு?"

காட்டினார். அக்கா தன் இடத்திலிருந்து அந்த நாற்காலி வரைக்கும் கையை விரித்து விரித்து அளந்துகொண்டே போனாள்.

"ரெண்டு விரிப்பு தூரம்," என்றாள். "பரவால்ல."

மறுநாள் பஸ்காரன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தான். அவன் வக்கீல் இருபத்துமூன்று கடிதத்தை மேஜையில் அடுக்கினார். எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அம்மாக்கள் எழுதியது. பொறுமைசாலி, குழந்தைகள் என்றால் உயிர், ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் பயங்கரம்.

எங்கள் வக்கீலம்மா ஏழு தேதியையும் படித்தார். வீட்டின் போட்டோவைக் காட்டினார். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். வக்கீலம்மா கேட்டதற்குக் கையை வைத்துக் காட்டினேன். பதினொரு நாள் என்றேன், ஒரு சாண் என்றேன். அதற்குப் பிறகு அவன் வக்கீல் எழுந்தார்.

"உங்களை எல்லாரும் ரேடியோன்னு கூப்பிடுவாங்களாமே?"

"ஆமாங்க."

"எதையும் ஒண்ணுக்குப் பத்தா சொல்லுவீங்களாமே?"

"ஆமாங்க ஐயா. அதனாலதான் இன்னைக்கு அளந்துட்டு வந்தேன்."

"இல்லாத கறைக்கு அளவு! சரி, அந்தக் கறை எப்படிப் போச்சு?"

சொன்னேன். எங்கே, எந்த நாள், எந்தப் பாட்டில், யார் எடுத்தது. எல்லாம் சொன்னேன். பின்வரிசையில் எங்கள் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். அட்டவணை உண்மையானதுதான் என்று சொல்ல அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜட்ஜ் அக்காவிடம் நேராகக் கேட்டார்:

"ஏம்மா துவைச்சீங்க?"

"அழுக்குச் சட்டையை கோர்ட்டுக்குக் கொண்டுவரக் கூடாதுன்னு நினைச்சேங்கய்யா."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை.

முழுத் தீர்ப்பு வரவில்லை, பாதிதான் வந்தது. வழக்கு முடிகிறவரைக்கும் பாப்பா அம்மாவோடு இருக்கலாம். அப்பா சனிக்கிழமை சனிக்கிழமை இரண்டு மணி நேரம், கோர்ட் கட்டடத்திலேயே, ஒரு ஆள் பக்கத்தில் இருக்கப் பார்க்கலாம். தாயும் மகளும் இருக்கும் விலாசத்தை அவரிடம் சொல்லக் கூடாது. அடுத்த வாய்தா நாலு மாசம் கழித்து. அக்கா வெளியே வந்து, ஜெயித்தோமா தோற்றோமா என்று ஃபாரம் அம்மாவைக் கேட்டாள்.

"பாப்பா உன்கிட்ட இருக்கா. இன்னைக்கு அவ்வளவுதான்," என்றார் அவர்.

என் அறை அவனுக்குத் தெரியும் என்பதால் ஃபாரம் அம்மா ஊரின் மறுகோடியில் அவர்களுக்கு ஒரு அறை பிடித்துக்கொடுத்தார். அடுத்த வாரம் எனக்கு வேலை போயிற்று. மருந்துப் பாட்டில் என்று காரணம் எழுதிக் கையில் கொடுத்தார்கள். அக்காவுக்கு எச்சரிக்கை மட்டும். இப்போது நான் ஒரு ஹோட்டலில் தட்டு கழுவுகிறேன். தினமும் மலையளவு தட்டு. தட்டில் எதிர்முனையைப் பிடிக்க ஆள் தேவையில்லை. அதைச் சொன்னபோது அக்கா அழுதாள். நான் ஜோக் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

முதல் இரண்டு சனிக்கிழமையும் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது சனிக்கிழமை நானும் அக்காவும் வெளியே படியில் உட்கார்ந்திருந்தோம். ஒரு மணிக்குப் பாப்பா குதித்துக்கொண்டு வந்தது. கையில் ஒரு கலர் பென்சில் டப்பா.

"அப்பா குடுத்தாரு. நான் நம்ம ஜன்னலை வரைஞ்சேன்."

அக்கா டப்பாவை வாங்க நீட்டிய கை பாதியில் நின்றது.

"ஏன் ஜன்னலை வரைஞ்ச கண்ணு?"

"அப்பாதான் கேட்டாரு, உங்க ஜன்னல்ல இருந்து பாத்தா என்ன தெரியும், வரைஞ்சு காட்டுன்னு."

"என்ன வரைஞ்ச?"

"தண்ணித்தொட்டி. அப்புறம் அந்த மஞ்சள் சுவத்துல பெரிய கடிகாரம் இருக்குல்ல, ஓடாத கடிகாரம், அது. அப்பா ரொம்ப அழகா இருக்குன்னு மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டாரு."

பக்கத்தில் இருந்த ஆள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அப்பாவுக்கு மகள் படம் வரைகிறாள், அதில் என்ன தப்பு? நானாக இருந்தாலும் பல்லை இளித்துக்கொண்டு பார்த்திருப்பேன்.

அக்கா எழுந்தாள். நாலாம் நம்பர் அறைக்கு நடந்தாள், ஓடவில்லை. ஃபாரம் அம்மா பையைத் தோளில் மாட்டிக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். அக்கா முகத்தைப் பார்த்துவிட்டுப் பூட்டைத் திறந்தார்.

"எழுதிக்கோங்கம்மா," என்றாள் அக்கா. "இன்னைக்குத் தேதி எனக்குத் தெரியும்."

பாப்பா சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். நான் கேட்டதையும் கேட்டபடியே எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டேன். வக்கீலம்மாவுக்குப் போன் போயிற்று. சனிக்கிழமை சந்திப்பை நிறுத்தச் சொல்லி திங்கட்கிழமை காலையிலேயே மனு போடுவதாகச் சொன்னார். திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

"ஊர்ல தண்ணித்தொட்டி லட்சம் இருக்கும்மா," என்றேன் நான். "எதுன்னு தேடுவான்?"

"ஓடாத கடிகாரம் எத்தனை இருக்கும்?" என்றார் ஃபாரம் அம்மா.

வெயில் இறங்குவதற்குள் ஃபாரம் அம்மா பிடித்துக்கொடுத்த வேறு அறைக்குப் போய்விட்டோம். மூட்டை கட்ட ஒன்றும் பெரிதாக இல்லை. அக்கா துணியை மடிக்காமல் அப்படியே அள்ளி இரண்டு பையில் திணித்தாள். பாப்பா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. புது அறை மூன்றாம் மாடி, காற்று நன்றாக வந்தது. ஜன்னல் பெரிது. அக்கா சாப்பாடு எடுத்து வைத்துப் பாப்பாவை ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் வந்து உட்காரச் சொன்னாள். அது கதவோரமாக, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது.